மாலை நேர மின்சுமையும் பெரிய கட்டடங்களும்: எங்கள் நிலைப்பாடு

வணிக வளாகங்கள், அலுவலகங்கள், விடுதிகள் ஆகியவற்றின் பராமரிப்புப் பொறியாளர்களைக் கொண்டது எங்கள் அமைப்பு. மின் கட்டமைப்பின் நிலைமைக்கேற்ப ஏசி, தண்ணீர் மோட்டார், மின்வாகன சார்ஜர் ஆகியவை ஓடும் நேரத்தைப் பெரிய கட்டடங்கள் மாற்றிக்கொள்வதை ஆதரிக்கிறோம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு கட்டட நிர்வாகத்திடமே இருக்க வேண்டும். மின் நிறுவனம் வெளியிலிருந்து இயந்திரங்களை நிறுத்துவதை ஏற்கமாட்டோம்.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நண்பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடுகிறது, ஏசிகள் நிற்பதில்லை. அந்த இடைவெளியை வாங்கும் மின்சாரத்தைக் கொண்டு மட்டுமே நிரப்புவது கட்டுப்படியாகாது.

இதற்குக் கட்டடத்திலேயே வழி உண்டு. பிற்பகல் 3 மணி முதல் அறையை 23 டிகிரிக்குக் குளிர்வித்தால் கான்கிரீட் தளமும் சுவர்களும் குளிர்ச்சியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாலை 6 மணிக்குமேல் 26 டிகிரிக்கு மாற்றினால் சில்லரின் (மைய ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் இயந்திரத்தின்) சுமை குறையும். மேல்நிலைத் தொட்டியைப் பகலிலேயே நிரப்பிவிடலாம். ஆனால் சில்லர் நீரின் வெப்பநிலையை அளவுக்குமீறி உயர்த்தினால், சென்னைக் காற்றின் ஈரப்பதம் குறையாமல் அறை புழுங்கும். உச்ச நேரம் முடிந்ததும் எல்லாக் கட்டடங்களும் இரவு 10 மணிக்கு ஒன்றாகச் சில்லரை முடுக்கினால் புதிய உச்சம் உருவாகும். மொத்த மின் பயன்பாடும் சிறிது கூடலாம். நேரத்தை மாற்றுவதுதான் இதன் பயன், மின்சிக்கனம் அல்ல.

கட்டண முறை இதற்கு முழுமையாகத் துணைநிற்கவில்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 கட்டண ஆணை, உயரழுத்தத் தொழில் இணைப்புகளுக்கு மாலை 6 முதல் 10 மணி வரை 25 சதவீதம் கூடுதல் கட்டணம் விதித்தது. இரவு 10 முதல் காலை 5 மணி வரை 5 சதவீதச் சலுகை தந்தது. நண்பகலுக்கு அந்த ஆணை சலுகை தரவில்லை. சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2023 விதித் திருத்தம்.

ஆகவே, நாங்கள் கோருவது:

1. நண்பகல் கட்டணச் சலுகையை உயரழுத்த இணைப்புகள் அனைத்துக்கும் முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும்.
2. சுமையைக் குறைக்கும் வேண்டுகோளை முந்தைய நாளே அறிவிக்க வேண்டும். குறைத்த அளவுக்கேற்ப ஊக்கத்தொகை தர வேண்டும். பங்கேற்பு விருப்பத்தின்பேரில் அமைய வேண்டும்.
3. மருத்துவமனைகள், மின்தூக்கிகள், தீயணைப்பு பம்புகள் ஆகியவற்றுக்கு முழு விலக்கு வேண்டும்.
4. இயந்திரங்களை மறுபடி இயக்கும் நேரத்தைக் கட்டடங்களுக்கிடையே பிரித்து ஒதுக்க வேண்டும்.
5. மீட்டர் தரவு கட்டட உரிமையாளருக்கே உரியது. அவர் ஒப்புதலின்றிப் பிறருக்குத் தரக்கூடாது.
6. புதிய பெரிய கட்டடங்களில் தானியங்கிக் கட்டுப்பாட்டு வசதியைக் கட்டட விதிகளே கட்டாயமாக்க வேண்டும்.

ஒழுங்குமுறை ஆணையம் இக்கோரிக்கைகளை அடுத்த கட்டண ஆணையில் சேர்க்க வேண்டும். கட்டட நிர்வாகங்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை: ஏசி அட்டவணையை இந்தக் கோடையிலேயே மாற்றிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.