சூதாட்ட நகரில் கடைசி நாள்

அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் லாஸ் வேகாஸ் நகரம் தவறாமல் இடம் பெறுகிறது. நெவாடா மாநிலத்தின் பாலைவனத்தில், இரவைப் பகலாக்கும் விளக்குகளோடு வரிசை வரிசையாகச் சூதாட்ட விடுதிகள். 'காஸினோ' என்பது அவற்றின் பெயர். வேலை நிமித்தம் அமெரிக்கா போன நம்மூர் இளைஞர்களும், அவர்களைப் பார்க்கப் போகும் தாய் தந்தையரும்கூட இப்போது அங்கே இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறார்கள். அந்தப் பயணத்தின் கடைசி நாளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

கடைசி நாள் எப்படிக் கழிகிறது? காலை பதினொரு மணி வாக்கில் அறையைக் காலி செய்ய வேண்டும். விமானம் இரவில். பெட்டியை விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டு ஒருவன் என்ன செய்வான்? முதல் இரண்டு நாளில் பறிகொடுத்த பணம் மனதை அரிக்கிறது. "விட்டதைப் பிடித்துவிடலாம், இன்னும் அரை நாள் இருக்கிறதே" என்று மேஜைக்குப் போகிறான். மதியம் பஸ் ஏறி ஹூவர் அணையைப் பார்க்கிறான். திரும்பி வந்து, விமானத்துக்கு நேரம் இருக்கிறதே என்று மறுபடியும் மேஜைக்குப் போகிறான். சூதாட்டமும் ஊர் பார்ப்பதுமாக நாள் முடிகிறது. ஊருக்கு வந்ததும் "அணை பிரமாதம்" என்று சொல்கிறான். மேஜையில் விட்ட தொகையை மட்டும் மனைவியிடம் பாதியாகச் சொல்கிறான்!

முதலில் அந்த மேஜையின் கணக்கைப் பார்ப்போம். சூதாட்ட விடுதிக்காரன் மோசடி செய்துதான் ஜெயிக்கிறான் என்று நம் மக்களில் பலர் நினைக்கிறார்கள். மோசடி அவனுக்குத் தேவையே இல்லை. 'ரூலெட்' என்ற சுழல் சக்கரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் 1 முதல் 36 வரை எண்கள். அவற்றோடு ஒரு பூஜ்யம், ஒரு இரட்டைப் பூஜ்யம். ஆக 38 குழிகள். ஒரு எண்ணின் மீது 1 டாலர் கட்டி, பந்து அந்தக் குழியில் விழுந்தால் 35 டாலர் லாபம் தருவார்கள். 38 குழிகளுக்கு நியாயமான கணக்கு 37 டாலர். அந்த இரண்டு டாலர் வித்தியாசம்தான் விடுதிக்காரனின் சொத்து. கட்டப்படும் ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் அவன் பக்கம் போய்ச் சேருகிறது. தருமபுத்திரனுக்கு எதிரே சகுனி என்ற ஆள் உட்கார வேண்டியிருந்தது. இங்கே சக்கரமே சகுனி!

இதிலே கவனிக்க வேண்டியது, இந்த விகிதம் பையில் கொண்டுபோன பணத்தின் மீது அல்ல, திரும்பத் திரும்பக் கட்டும் மொத்தப் பணத்தின் மீது விழுகிறது என்பதாகும். ஒரு சுற்றுக்கு 10 டாலர் வீதம் மணிக்கு 40 சுற்று ஆடினால் மணிக்கு 400 டாலர் கட்டியாகிறது. அதில் சராசரி நஷ்டம் 21 டாலர். நாலு மணி நேரம் உட்கார்ந்தால் 84 டாலர். ஒருவனுக்கு ஒரு மணி நேரத்தில் அதிர்ஷ்டம் அடிக்கலாம், வாஸ்தவம்தான். ஆனால் நேரம் நீள நீள அதிர்ஷ்டம் தேய்கிறது, விகிதம் மட்டும் நிற்கிறது. விடுதிக்காரனுக்கு வேண்டியது உங்கள் முட்டாள்தனம் அல்ல, உங்கள் நேரம். கடைசி நாளில் "விட்டதைப் பிடிக்க" உட்காருகிறவன் அவனுக்கு இலவசமாகக் கொடுப்பது அந்த நேரத்தைத்தான்.

இந்தப் பேராசைக்கும் ஓர் எல்லை இருக்க வேண்டாமா? இப்போது சில விடுதிகளில் மூன்றாவது பூஜ்யமும் சேர்த்துவிட்டார்கள்! குழிகள் 39, தருவது அதே 35. விடுதியின் பங்கு 100-க்கு 7 டாலர் 69 சென்டாக ஏறிவிட்டது. கூலி உயர்வு கேட்டால் ஆறு மாதம் பேச்சுவார்த்தை நடத்துகிற முதலாளி, தன் பங்கை உயர்த்திக்கொள்ள ஒரு குழி தோண்டினான், வேலை முடிந்தது. 2024-ல் நெவாடா மாநிலச் சூதாட்ட விடுதிகள் ஆட்டக்காரர்களிடமிருந்து ஜெயித்த தொகை ஏறக்குறைய 1,560 கோடி டாலர். ஒரே வருஷத்தில்!

ஆடுகிறவர்களுக்குச் சாராயம் இலவசம் என்பதையும் சொல்ல வேண்டும். கள்ளுண்ணாமையையும் சூதையும் வள்ளுவர் அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்தார். லாஸ் வேகாஸ் முதலாளிகள் அந்த இடைவெளியும் வேண்டாமென்று இரண்டையும் ஒரே நாற்காலிக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

சரி, மதியம் பஸ் ஏறுவோம். நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், நெவாடாவுக்கும் அரிஜோனாவுக்கும் நடுவே, கொலராடோ நதியை மறித்து நிற்கிறது ஹூவர் அணை. உயரம் 726 அடி. 1935 செப்டம்பர் 30-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து திறந்து வைத்தார். எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு மின்சாரம் என்று பயணிக்கு அங்கே விவரம் கிடைக்கும். நாம் வேறு ஒரு விவரத்தைச் சொல்கிறோம்.

இந்த அணையைக் கட்டும் ஒப்பந்தம் 'ஆறு கம்பெனிகள்' என்ற முதலாளிகள் கூட்டுக்குக் கொடுக்கப்பட்டது 1931 மார்ச் மாதம். நெவாடாவில் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவில் கவர்னர் கையெழுத்துப் போட்டது 1931 மார்ச் 19. ஒரே மாதம்! பொருளாதார நெருக்கடியால் அமெரிக்கா முழுவதும் வேலையற்றோர் பட்டாளம் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. அணையில் வேலை கிடைக்கும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் பெண்டு பிள்ளைகளோடு அந்தப் பாலைவனத்தில் வந்து குவிந்தார்கள். கந்தல் துணியிலும் அட்டையிலும் குடிசை போட்டுக்கொண்டு ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். கூலி கொடுக்க ஒரு கை, கொடுத்த கூலியைச் சம்பள நாளன்று திரும்ப வாங்க இன்னொரு கை. இரண்டு கைகளும் ஒரே மாதத்தில் நீண்டதில் சதி இருந்தது என்று நாம் சொல்லவில்லை. லாபம் வருகிற இடத்தை முதலாளித்துவம் மோப்பம் பிடிப்பதற்குச் சதி ஆலோசனை தேவையில்லை.

1931-ன் கோடையில் வெயில் 120 டிகிரி பாரன்ஹீட்டை நெருங்கியது. தொழிலாளிகள் சுருண்டு விழுந்து செத்தார்கள். அந்த ஆகஸ்டில் கம்பெனி ஒரு பகுதித் தொழிலாளிகளின் கூலியை வெட்டியதும் வேலைநிறுத்தம் வெடித்தது. அவர்கள் கேட்டது என்ன? குடிக்கச் சுத்தமான குளிர்ந்த நீர், சரியான கழிப்பிடம், சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தை அமல் நடத்துவது. கம்பெனி எல்லாவற்றையும் நிராகரித்தது. வாசலில் வேலையற்றோர் காத்துக் கிடக்கும்போது அதற்கு என்ன பயம்? ஒரு வாரத்துக்குச் சற்று மேல் நீடித்த போராட்டம் தோற்றது. ஆனாலும் அதன்பின் தண்ணீரும் குடியிருப்பும் ஓரளவு சீர்பட்டன என்பதையும் மறக்கக்கூடாது.

நதியைத் திருப்பிவிடக் குடைந்த சுரங்கங்களுக்குள் கம்பெனி பெட்ரோல் லாரிகளை ஓட்டியது. சுரங்கத்துக்குள் அப்படி ஓட்டக்கூடாது என்று நெவாடாவின் சட்டம் தடுத்தது. கம்பெனி நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வாங்கிக்கொண்டது. விஷப்புகையில் மூச்சுத் திணறியவர்கள் ஆஸ்பத்திரியில் செத்தார்கள், மரணக் காரணம் 'நிமோனியா' என்று எழுதப்பட்டது. அணை கட்டும்போது மாண்டவர்கள் 96 பேர் என்பது சர்க்கார் கணக்கு. நிமோனியா என்று எழுதப்பட்டவர்கள் அந்த 96-ல் இல்லை. நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்ட தொழிலாளிகளுடன் கம்பெனி 1936-ல் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது. குற்றமில்லாதவன் எதற்காகப் பணம் கொடுத்து வாயை அடைக்க வேண்டும்?

நீக்ரோ என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பினத் தொழிலாளிகளை முதலில் வேலைக்கே எடுக்கவில்லை. பலத்த கண்டனத்துக்குப் பிறகு ஏதோ ஒரு சிலரை மட்டும் எடுத்தார்கள். அவர்கள் தொழிலாளிகளுக்கென்று சர்க்கார் கட்டிய போல்டர் நகரத்தில் குடியிருக்கக்கூடாது, தண்ணீர் வாளியும் தனி. சீனத் தொழிலாளிகளைச் சேர்க்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஷரத்து இருந்தது. நிற வெறி சூதாட்ட விடுதிகளிலும் அப்படியே தொடர்ந்தது. ஸாமி டேவிஸ் ஜூனியர் போன்ற புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர் மேடையில் பாடி விடுதிக்குப் பணம் குவித்துக் கொடுப்பார். இரவு அதே விடுதியில் படுக்க அவருக்கு அறை கிடையாது! 1960 மார்ச்சில், ஊர்வலம் வரப்போகிறது என்ற எச்சரிக்கைக்குப் பிறகுதான் விடுதிக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

பஸ் போகும் வழியில் இருக்கும் அந்தப் போல்டர் நகரத்தைப் பயணிகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் அது. நெவாடாவில் சூதாட்டம் தடை செய்யப்பட்ட மிகச் சில ஊர்களில் அது ஒன்று, இன்றைக்கும் அப்படித்தான். சர்க்கார் அங்கே ஏன் சூதாட்டத்தைத் தடுத்தது? தரும சிந்தனையாலா? மறுநாள் காலை தொழிலாளி தெளிந்த தலையோடு வேலைக்கு வர வேண்டும் என்பதற்காக. அதே ஊரில் நிர்வாக அதிகாரிக்குப் பிடிக்காதவனை ஊரைவிட்டே துரத்தும் அதிகாரமும் இருந்தது. சூதாடிக்கும் இடமில்லை, சங்கம் அமைப்பவனுக்கும் இடமில்லை! ஆனால் சம்பள நாளில் லாஸ் வேகாஸின் பிரிமாண்ட் வீதிக்குப் போகும் பாதை மட்டும் திறந்தே இருந்தது. சூதாட்டம் கெடுதல் என்பது ஆள்வோருக்கு அன்றே தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அணையின் பின்னால் தேங்கி நிற்கும் மீட் ஏரியின் கரைப்பாறைகளில் வெள்ளை வெளேர் என்று ஒரு பட்டை தெரியும். நீர்மட்டம் இறங்கிய அடையாளம் அது. 2022-ல் அந்த ஏரி 1930-களில் முதன்முதலாக நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பின் காணாத அளவுக்கு வற்றியது. லாஸ் வேகாஸ் குடிக்கும் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

'ஊர் பார்ப்பது' என்பது அந்த நகரத்தில் எந்த அளவுக்குப் போயிருக்கிறது தெரியுமா? 1951 முதல் நெவாடா பாலைவனத்தில் அமெரிக்க சர்க்கார் வெளிப்படையாக அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தபோது, அந்தக் காளான் மேகத்தையும் ஒரு காட்சியாக விற்றார்கள்! விடுதி மாடிகளில் மதுக் கோப்பையோடு நின்று பயணிகள் வேடிக்கை பார்த்தார்கள். காற்று வீசிய திசையில் இருந்த கிராமங்களுக்குப் புற்றுநோய் போயிற்று. அந்த மக்களுக்கு நஷ்ட ஈட்டுச் சட்டம் வர 1990 ஆயிற்று.

இப்போது விடுதிக்குத் திரும்புவோம். காலையில் நம் பயணி காலி செய்த அறையை இதற்குள் ஒரு பெண் கூட்டிப் பெருக்கி, விரிப்பு மாற்றி, அடுத்தவனுக்குத் தயார் செய்திருப்பாள். அவள் பெரும்பாலும் 'கலினரி' தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். 1935-ல் தோன்றிய இந்தச் சங்கத்தில் சுமார் 60,000 பேர் இருக்கிறார்கள், பாதிக்கு மேல் பெண்கள். இங்கே சிலர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கக்கூடும்: "சூதாடாதே என்கிறீர்களே, அப்படியானால் அந்தத் தொழிலாளியின் கூலி எங்கிருந்து வரும்? ஏழை வயிற்றில் அடிப்பதல்லவா இது?"

நியாயமான கேள்விதான். ஆட்டக்காரன் தோற்ற பணத்திலிருந்துதான் அவள் கூலி வருகிறது, இதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அவன் தோற்கத் தோற்க அவள் கூலி தானாக ஏறிவிடுகிறதா? 'பிரான்டியர்' விடுதித் தொழிலாளிகள் 1991 செப்டம்பர் 21-ல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுமார் 550 பேர். ஆறு ஆண்டு நான்கு மாதம், இரவு பகலாக மறியல். ஒருவர்கூடக் கருங்காலியாகத் திரும்பவில்லை! மற்ற விடுதித் தொழிலாளிகள் தங்கள் சந்தாவால் அவர்களைத் தாங்கினார்கள். 1998-ல் முதலாளி விடுதியை விற்றுவிட்டுப் போனான். புதிய முதலாளி சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டான். 2023 நவம்பரில் பெரிய விடுதிகள் ஐந்தாண்டில் 32 சதவிகித ஊதிய உயர்வுக்கு இணங்கியதும் வேலைநிறுத்தம் வாசலுக்கு வந்த பிறகுதான். சக்கரம் எத்தனை தரம் சுழன்றும் ஒரு காசு ஏறாத கூலி, சங்கம் எழுந்து நின்றபோது ஏறியது. ஆகவே நம் பயணி அந்தப் பெண்ணுக்கு உதவ விரும்பினால் சூதாட வேண்டியதில்லை. மறியல் நடக்கும் விடுதியில் அறை எடுக்காமலிருந்தால் போதும்.

பிரான்டியர் விடுதியை 2007-ல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஊர் பார்க்கப் போகிறவனுக்கு அந்த இடத்தில் காட்ட ஒன்றுமில்லை.

இந்தச் சங்கதி நமக்கு அந்நியமானதுமல்ல. மரத்தடியில் துண்டு விரித்துச் சீட்டாடுகிற கூலிக்காரனை நம் போலீஸ் லாரியில் ஏற்றுகிறது. கோவாவிலோ மாண்டவி நதியில் மிதக்கும் சூதாட்டக் கப்பல்களுக்கு சர்க்காரே லைசென்ஸ் கொடுத்துக் கட்டணம் வாங்குகிறது!

கடைசியில் விமான நிலையம். லாஸ் வேகாஸில் விமானத்துக்குக் காத்திருக்கும் கூடத்திலேயே காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. பையில் மிஞ்சிய சில்லறையோடும் ஒருவனை விமானம் ஏறவிட மனமில்லை. அந்த நிலையத்துக்குப் பல பத்தாண்டுகள் மக்காரன் என்பவரின் பெயர் இருந்தது. 1950-ல் கம்யூனிஸ்டுகளையும் சங்கத் தலைவர்களையும் வேட்டையாட உதவிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த நெவாடா செனட்டர் அவர். 2021 டிசம்பரில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். இயந்திரங்களை எடுக்கவில்லை.