மலை ஏறும் செங்கல்

செம்மேடு, சோளக்காடு பக்கம் அப்பன் பாட்டன் இடம் வைத்திருக்கும் மலைவாசிக்கு மனைச் செலவு இல்லை. சல்லிசாக வீடு கட்டலாம் என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள். கட்டிப் பார்த்தால்தான் தெரியும் சேதி! சிமெண்ட், கம்பி எல்லாம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். வளைவு ஏற ஏற லாரி வாடகையும் ஏறுது.

‘கலைஞர் கனவு இல்லம்’ திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3½ லட்சம் ரூபாய் என்று 2024-ல் அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் சேந்தமங்கலத்துக்கும் மலை உச்சிக்கும் ஒரே கணக்குப் போட்டால், மேலே சுவர் லிண்டல் மட்டத்தோடு நின்றுவிடும். மத்திய அரசின் கிராம வீட்டுத் திட்டமே சமவெளிக்கு 1.20 லட்சம், மலை மாநிலங்களுக்கு 1.30 லட்சம் என்று பிரித்ததே! கொல்லிமலைக்கு வண்டிக் கூலியைத் தனியாகச் சேர்த்துக் கொடுக்கட்டும், அடுத்த மழைக்கு முன்னே.