மந்தைவெளியும் மனைப்பட்டாவும்

'புறம்போக்கு' என்பது இன்று வசைச்சொல்லாகிவிட்டது. எதற்கும் உதவாதவன் என்று ஒருவனை இகழ வேண்டுமாயின் அச்சொல்லை வீசுகிறோம். நிலவரிக் கணக்கில் அதன் பொருளே வேறு. சாகுபடிக்குப் புறமே விடப்பட்டு, தீர்வை விதிக்கப்படாமல், பொதுப் பயனுக்கென நிற்கும் நிலமே புறம்போக்கு. மேய்ச்சல் தரை, மந்தைவெளி, களம், குளம், வாய்க்கால், சுடுகாடு யாவும் அதனுள் அடங்கும். ஒருவனுக்கு உரியதன்று என்பதனாலேயே அது ஊரார் அனைவர்க்கும் உரியதாயிற்று. அனைவர்க்கும் உரியதை 'யாருக்கும் உரியதன்று' என மாற்றிப் படித்த நாளிலிருந்து நிலத்திற்குக் கேடும், சொல்லுக்கு இழிவும் வந்து சேர்ந்தன.

சிற்றூர்களில் புதுக் குடியிருப்புக்கு இடம் தேடும் கண் இத்தகைய பொதுவெளியின்மேல் எளிதில் விழுகிறது. 'வகைமாற்றம்' என்னும் ஒரு சொல்லால் மேய்ச்சல் தரை நத்தமாகிறது, நத்தம் மனைப்பட்டாவாகிறது. இதனை நாம் எதிர்க்கிறோம்.

எதிர்ப்பது எளிதன்று என்பதை அறிவோம். ஏழைக்கு வீடு வேண்டாமா, மரநிழலைவிட மனிதன் மலிந்தவனா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடிசையில்லாத் தமிழகத்தை உருவாக்கவென, 2030-க்குள் 8 இலட்சம் வீடுகள் கட்டும் திட்டம் 2024-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அதன் நோக்கத்தை மனமார வாழ்த்துகிறோம். நம் வினா ஒன்றே: ஏழைக்கு வீடு தரும்போது, அவனுக்கு ஏற்கெனவே இருந்த பொதுவெளியைப் பறித்துத்தான் தரவேண்டுமா? வலக்கையில் கொடுத்து இடக்கையில் வாங்குவதை ஈகை எனலாகுமா?

கோடியக்கரையை எண்ணிப் பாருங்கள். தெற்கு நோக்கி வரும் சோழமண்டலக் கரை மேற்கே திரும்பும் முனை அது. கிழக்கிலும் தெற்கிலும் கடல். மறுபுறம் வேதாரணியத்தின் உவர்ச்சதுப்பும், இரசாயன நிறுவனங்களின் பரந்த உப்பளங்களும். இவற்றிடையே 1967-இல் அமைக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம். பெயரிலேயே வெளியைத் தாங்கிய வெளிமானின் புகலிடம். 2002-இல் இப்பகுதி ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இவ்வாறு நாற்புறமும் எல்லை கட்டப்பட்ட ஊரில் எஞ்சியிருக்கும் சிறு திடலும் தோப்பும் வெறுமனே கிடக்கும் இடங்களல்ல. ஆடு மேய்வதும், வலை காய்வதும், சிறுவர் ஓடி விளையாடுவதும் அங்கேதான்.

கண்ணுக்குத் தெரியாத பயனும் ஒன்றுண்டு. வேதாரணியம் கடலோர மணற்பாங்கில் மழைநீர் மணலுள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரைவிட எடை குறைந்தது ஆகையால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமற்ற ஊற்றுகளில் நன்னீர் கிடைப்பது இதனாலேயே. மணல் திறந்து கிடந்தால்தான் மழை உள்ளே இறங்கும். அதன்மேல் சிமெண்டுத் தளமிட்டு, நெருக்கமாகக் கழிவறைக் குழிகளைத் தோண்டி, ஆழ்குழாயால் நீரை உறிஞ்சினால் முதலில் நீர் கெடும். பின்னர் உப்பு மேலேறும். வீடு நிற்கும், குடிக்க நீர் இராது.

இது கற்பனை அச்சமன்று. வீடுகட்டும் வேகத்தில் வெளியை இழந்த அனுபவம் இக்கரைக்கு உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டின. அந்த இரக்கத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் பல ஊர்களில் மரங்களை வெட்டி, தரையைச் சமமாக்கிய பின்பே ஒப்பந்தக்காரர்கள் வேலையைத் தொடங்கினார்கள் என்பதைப் பின்னர் ஆய்வு செய்தோர் எழுதிவைத்துள்ளனர். தென்னையும் வேம்பும் முருங்கையும் போயின. அவற்றோடு வலை பின்னிய நிழலும், முதியோர் அமர்ந்த திண்ணையும், பெண்களுக்குக் கிட்டிய சிறுவருவாயும் போயின. கோடையில் காங்கிரீட் கூரையின்கீழ் இருக்கவியலாது வெளியே வந்தவர்களுக்கு ஒதுங்க ஒரு மரமில்லை.

அதே கரையில் நாலுவேதபதி என்றோர் ஊருண்டு. 2002 டிசம்பரில் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டுக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற ஊர் அது. ஈராண்டு கழித்துப் பேரலை வந்தபோது கரையோர மரங்கள் அதன் வேகத்தைத் தணித்து ஊரைப் பேரிழப்பினின்று காத்தன. மரமும் வெளியும் வீட்டுக்குப் பகையல்ல. கடலோரத்தில் அவையே வீட்டின் முதற்சுவர்.

அப்படியாயின் மனைக்கு நிலம் எங்கே? தஞ்சைத் தரணியின் வரலாறே விடை சொல்கிறது. மிராசுதாரின் நிலத்தில் குடியிருந்த உழைப்பாளிக்கு அந்த மனையையே உரிமையாக்கியது 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம். ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்குத் தனியார் நிலத்தை எடுக்கவென்றே 1978-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஏழையின் மனை, மிகுதியாக உடையவரிடமிருந்து வரவேண்டும் என்பதே அச்சட்டங்களின் நீதி. இன்று பொதுவெளியை நாடுவதன் காரணம் வெளிப்படை: உடையவரின் நிலத்தைத் தொட்டால் வழக்கு வரும், விலை கொடுக்கவேண்டும், செல்வாக்கு குறுக்கே நிற்கும். மேய்ச்சல் தரைக்கு வழக்கறிஞர் இல்லை. ஆகவே ஏழைக்கு வீடு என்ற பெயரில் உண்மையில் காக்கப்படுவது செல்வரின் வேலியே.

2011 ஜனவரி 28-இல் உச்சநீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. நிலமற்ற தொழிலாளர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர்க்கு அரசு முறைப்படி வழங்கிய இடங்களுக்கு விலக்கு இருக்கலாம் என்றும் கூறிற்று. அந்த விலக்கை நாமும் மதிக்கிறோம். ஏற்கெனவே குடியிருக்கும் ஏழையைத் துரத்த வேண்டும் என்று சொல்லவில்லை. விலக்கே விதியாகிவிடலாகாது என்கிறோம். சென்னையின் மந்தைவெளியில் இன்று மந்தையுமில்லை, வெளியுமில்லை. பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. நம் ஊர்களுக்கும் அந்நிலை வேண்டுமா?

லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரம் நமக்குப் புதியதன்று. அங்கே வீட்டை விற்கலாம், மீட்கலாம் என விதிகள் உண்டு. ஆனால் லேவியருடைய நகர்களைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலத்தை மட்டும் விற்கவே கூடாது; அது என்றென்றைக்கும் உரிய உடைமை எனக் கட்டளை நிற்கிறது. வீடு கைமாறலாம், மேய்ச்சல் வெளி கைமாறலாகாது என்று வகுத்தவர்கள், இன்னும் பிறவாத தலைமுறைக்கும் அதில் பங்குண்டு என அறிந்திருந்தார்கள்.

ஆகவே இறைமக்களிடம் நாம் வேண்டுவது இதுவே. ஆண்டுக்கு ஆறுமுறை கிராமசபை கூடவேண்டும் என்பது 2022 முதல் நடைமுறை. வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உங்கள் ஊரின் பொதுநிலம் எவ்வளவு, எந்தப் புல எண்ணில் உள்ளது எனக் கேளுங்கள். வகைமாற்றத் தீர்மானம் வந்தால் எழுந்து பேசுங்கள். அதே மூச்சில், வீடற்றோர்க்கு விலைகொடுத்து நிலம் வாங்கித் தருக என்றும் தீர்மானம் கொண்டுவாருங்கள். முன்னதை மட்டும் சொன்னால் இரக்கமற்றவர்களாவோம். பின்னதை மட்டும் சொன்னால் ஏமாறுவோம். ஏழைக்கு வீடும் வேண்டும், அவன் பிள்ளை ஓடியாட வெளியும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று அவனை நிறுத்துவது அநீதி.