‘செயற்கைச் சூரியன்’ என்று இனி எழுதாதீர்கள்

அணுக்கரு இணைவு ஆய்வில் எங்கே என்ன நடந்தாலும் தமிழில் ஒரே தலைப்புதான்: ‘செயற்கைச் சூரியன்’. கூடவே பத்துக் கோடி டிகிரி, நாலைந்து வியப்புக்குறி. பீர்க்கன்கரணையில் மே மாத மத்தியானம் நடப்பவன் சொல்கிறேன், இருக்கிற சூரியனே போதும்.

அந்தத் தலைப்பு அறிவியலாகவும் தப்பு. சூரியனின் மையத்தில் ஒரு கனமீட்டரில் பிறக்கும் ஆற்றல் 300 வாட்டுக்கும் குறைவு. நாலு சீலிங் ஃபேன்கூடச் சரியாக ஓடாது. பிரம்மாண்டமான உருவம் இருப்பதால் அது பிழைக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் சூரிய மையத்தின் ஒன்றரைக் கோடி டிகிரியைத் தாண்டிப் பத்துக் கோடிக்கு மேல் போக வேண்டியிருக்கிறது.

எப்படிப் போவது? அதைத்தான் யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள். ‘காந்தக் கண்ணாடி’ என்றொரு கருவி. நடுவில் காந்தப்புலம் குறைவு, இரு முனையிலும் அதிகம். சுழன்றபடி வரும் அயனி முனையில் மோதித் திரும்பும். சுழற்சி குறைந்து நேராக ஓடுபவை தப்பிவிடும். ஒரு டெஸ்லா புலத்தில் டியூட்டீரியம் அயனி நொடிக்குச் சுமார் 76 லட்சம் தடவை சுற்றுகிறது. பழைய சிற்றலை வானொலியின் எல்லைக்குள் வரும் எண் இது. அதே தாளத்தில் ரேடியோ அலையை அனுப்பினால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல அயனியின் சுழற்சி வேகம் ஏறும். சூடும் ஏறும், தப்பி ஓடுவதும் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஜப்பானின் சுக்குபாவில் ‘காமா 10’ கருவி இப்படித்தான் அயனிகளைச் சூடாக்கியது.

“இதெல்லாம் சாதாரண வாசகனுக்குப் புரியாது சார்” என்பார்கள். ஊஞ்சல் தள்ளத் தெரிந்த பிள்ளைக்குப் புரியும். “காந்திநகர்க்காரர்களே 1989இல் தங்கள் கருவிக்கு ஆதித்யா என்று பேர் வைத்தார்களே?” வைக்கட்டும். பேர் வைப்பது பிரியம். விளக்க வேண்டிய இடத்தில் பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

வியப்பை மட்டும் தின்ற வாசகனால் கேள்வி கேட்க முடியாது. அமெரிக்காவின் லிவர்மோரில் 37 கோடி டாலர் செலவில் கட்டிய காந்தக் கண்ணாடி இயந்திரத்தை 1986இல், ஒரு சோதனைகூட நடத்தாமல், பணமில்லை என்று மூடினார்கள். 2024இல் விஸ்கான்சினில் 17 டெஸ்லா காந்தங்களோடு அதே யோசனை மறுபடி எழுந்திருக்கிறது. மூடியது சரியா? திரும்பத் திறந்தது சரியா? ‘செயற்கைச் சூரியன்’ படித்தவருக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை, கைதட்டலாம்.

அடுத்த தடவை அந்தத் தலைப்பைப் பார்த்தால் மூன்று கேளுங்கள். எதைக் கொண்டு சூடாக்கினீர்கள்? எத்தனை நொடி பிடித்து வைத்தீர்கள்? போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு? பதில் இல்லாத கட்டுரையை அங்கேயே மூடிவிடலாம்.