உறைபனியில் செல்ஃபி மட்டும் போதுமா? நீலகிரிக்குத் தேவை வழிகாட்டியோடு ஒரு குளிர்கால நடை

டிசம்பர் பிறந்தால் போதும், எல்லாப் பத்திரிகையிலும் ஒரே படம்தான். தலைக்குந்தா புல்வெளி வெள்ளை வெளேர்னு கிடக்கும். மப்ளர் சுற்றிய நாலு பேர் நடுவில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். மேலே 'மினி காஷ்மீராக மாறிய ஊட்டி' என்று தலைப்பு. அடுத்த நாளே சாலையோரம் கார்கள் வரிசை கட்டும். வெயில் ஏறினதும் பனி கரையும், கூட்டமும் கலையும்.

நீலகிரியைப் புரிந்துகொள்ள வருஷத்தில் இதைவிட நல்ல காலம் கிடையாது. இந்த மலை ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த வெள்ளைப் பூச்சில்தான் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் கூட்டத்தை அப்படியே பஸ் ஏற்றி அனுப்புகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

உறைபனியில் அப்படி என்னதான் இருக்கு?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மேகமில்லாத இரவுகள் தொடங்கும். பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை வானத்துக்கே திருப்பி விட்டுவிடும். தடுத்து நிறுத்த மேகப் போர்வை இருக்காது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டில் இருக்கிற வீட்டு வாசலில் ஒன்றுமே இல்லாதபோது கீழே இருக்கிற மைதானம் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். வெப்பமானி தரைக்கு மேலே, கூண்டுக்குள் இருக்கும். அது 2 டிகிரி காட்டுகிற காலையில் புல் நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும்.

இப்போது அந்தப் புல்வெளியிலிருந்து பக்கத்துச் சோலைக்குள் ஐம்பது அடி எடுத்து வையுங்கள். உள்ளே உறைபனி இருக்காது. நெருக்கமான மரக்கூரைதான் அங்கே போர்வை. சோலைக்குள் விழுந்த விதை முளைத்துப் பிழைத்துக்கொள்ளும். வெளியே புல்லில் விழுந்த விதையும் மழையில் முளைக்கும்தான். ஆனால் முதல் பனிக்காலத்தைத் தாண்டுவது பெரும்பாடு. மேல்மலையில் சோலை ஒரு பக்கம், புல்வெளி ஒரு பக்கம் என்று கத்தியால் வெட்டின மாதிரி எல்லை தெரிகிறதே, அதற்கு முக்கியமான காரணம் இது. விதிவிலக்கும் உண்டு. ரோடோடென்ட்ரான் என்று புத்தகங்கள் சொல்லும் காட்டுப்பூவரசு புல்வெளி நடுவில் பனியைத் தாங்கிக்கொண்டு தனியாக நிற்கும், அதுவும் இந்தக் குளிர் மாதங்களில் சிவப்பாகப் பூத்துக்கொண்டு.

சீகை மரத்தின் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் குளிர்ப் பகுதியிலிருந்து வந்த மரம் அது. நீலகிரிப் புல்வெளியில் சோலை மரக் கன்றுகளையும் சீகைக் கன்றுகளையும் நட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2020-ல் வெளிவந்தது. குளிர்காலத்தில் சோலைக் கன்றுகள் கருகின, சீகை பெருமளவு பிழைத்தது. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், செயற்கை நூலிழை மரக்கூழுக்கும் என்று சீகையையும் கற்பூர மரத்தையும் இங்கே நட்டுத் தள்ளினார்கள். புல்வெளியை அப்போது 'சும்மா கிடக்கிற நிலம்' என்று கணக்கெழுதினார்கள். மரம் நடுவது எங்கேயும் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு, மரம் நட்டதாலேயே கெட்டுப்போன நிலத்தைக் கண்ணால் காட்டினால்தான் நம்ப முடியும். அந்தப் புல்வெளியும் அதன் சதுப்பும் சோலையும் பிடித்து வைக்கிற தண்ணீர்தான் பவானிக்கும் மோயாற்றுக்கும் இறங்குகிறது. ஈரோட்டுக்காரருக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்கிறேன்.

பனிக்கும் தீக்கும் என்ன சம்பந்தம்?

உறைபனி பட்ட புல் வெயில் ஏறினதும் கருகும். தேயிலைத் தோட்டத்துக்காரர்களைக் கேளுங்கள், கொழுந்து கருகின பிறகு எத்தனை நாள் பறிப்பு இருக்காது என்று கணக்கோடு சொல்வார்கள். ஊட்டி பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் வைத்து மூடுவதும் இதற்குத்தான். காட்டுப் புல்லுக்கு மூடி போட ஆள் இல்லை. ஜனவரி கடைசியில் சரிவு முழுக்கப் பழுப்பாகிவிடும். பிப்ரவரியில் காற்று காய ஆரம்பித்தால் அத்தனையும் எரிபொருள்.

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்தது நமக்கு மறக்கவில்லை. மலையேறப் போன குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், இளம்பெண்கள். முறையான அனுமதி இல்லாத பாதை என்றார்கள், பொறுப்பு யாருக்கு என்றார்கள். எல்லாம் சரி. எனக்கு உறுத்துவது மாதம்தான். காய்ந்த புல் நிற்கிற மார்ச்சில் அந்தச் சரிவுக்குப் போகக் கூடாது என்பதும், தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும் என்பதும் மலையில் வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. நகரத்திலிருந்து போகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க நம்மிடம் ஏற்பாடு இல்லை.

அதே ஆண்டு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தன. நீலகிரியில் கெய்ர்ன்ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை, கரிக்கையூர், அவலாஞ்சி என்று பல பாதைகள் அதில் உண்டு. ஆன்லைனில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, தீக்காலத்தில் பாதை மூடல். நல்ல திட்டம், சந்தேகமில்லை. காட்டைச் சும்மா விட்டால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: தலைக்குந்தாவில் அனுமதியும் இல்லாமல் வழிகாட்டியும் இல்லாமல் புல்லை மிதிக்கிற கூட்டத்தைவிட, பத்துப் பேர் ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போவது காட்டுக்கு எவ்வளவோ மேல்.

வழிகாட்டி காவலாளியா, வாத்தியாரா?

என் குறை இந்த இடத்தில்தான். பாதைகளை எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இது காலுக்கான கணக்கு. எந்தப் பாதையில் எந்த மாதத்தில் எதைப் பார்க்கலாம் என்று இன்னொரு கணக்கு வேண்டாமா? வழிகாட்டியின் வேலை ஆள் தொலையாமல், காட்டெருமை குறுக்கே வந்தால் நிறுத்தி, திரும்பக் கூட்டி வருவதோடு முடிகிற வேலை இல்லை. கரிக்கையூர் பக்கத்து இருளர் இளைஞருக்கு அந்தச் சரிவில் எந்தக் கிழங்கு எப்போது தோண்டுவார்கள், கரடி எந்தப் பழத்துக்கு வரும் என்று தெரியும். தோடர் பெரியவருக்குக் கோயில் கூரைக்கு வேய்கிற புல் எந்தச் சதுப்பில் மிச்சமிருக்கிறது என்று தெரியும். அவர்களைப் பேசவிடணும். பேசினால் அதற்குத் தனியாகச் சம்பளம் தரணும். டிப்ஸை நம்பி ஒரு வாத்தியாரை நிறுத்த முடியாது.

சிகரம் தொட்டாச்சா, போட்டோ எடுத்தாச்சா என்று ஓடுகிற நடையில் இது நடக்காது. லாங்வுட் சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ஹெக்டேரை ஒட்டின சின்னக் காடு, சுற்றிலும் ஊரும் தேயிலையும். வேகமாக நடந்தால் சீக்கிரமே முடிந்துவிடும். அதையே அரை நாளாக நடக்கலாம். தேயிலைக்கும் சோலைக்கும் நடுவில் நின்று மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாலே இரண்டு மணி நேரம் போகும். குளிர்காலத்தில் மழைக்கால அளவுக்கு அட்டைத் தொல்லையும் கிடையாது, இதுவும் ஒரு சௌகரியம்.

யாருக்குக் கிடைக்கணும்?

திட்டம் தொடங்கியபோது கட்டணம் அதிகம் என்று குரல் எழுந்தது, பிறகு குறைத்தார்கள். குறைத்த கட்டணமும் சென்னை ஐ.டி. ஊழியருக்குத்தான் கட்டும். குன்னூர் தோட்டத்தில் பச்சைத் தேயிலை பறிக்கிற அம்மாவின் மகள், தன் லயன் வீட்டுக்கு எதிரே தெரிகிற சோலைக்குள் ஒருமுறைகூடப் போகாமல் பிளஸ் டூ முடித்துவிடலாம். அவள் பாடப்புத்தகத்தில் பல்லுயிர்ப் பெருக்கம் இருக்கிறது. 1986-ல் அறிவித்த நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் நீலகிரி என்ற ஒரு மார்க் கேள்வியும் இருக்கிறது. அந்தக் காப்பகம் ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கு என்று யாராவது அவளைக் கூட்டிப் போய்க் காட்டணும்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. டிசம்பர் முதல் தீக்காலப் பூட்டு விழும் வரை, கூட்டம் குறைவான வார நாட்களில் எளிய பாதைகளை மாவட்டத்து அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாக விடலாம். பள்ளிகளில் தேசிய பசுமைப் படையும் சூழல் மன்றமும் ஏற்கெனவே இருக்கின்றன. வழிகாட்டியின் அன்றைய கூலியைச் சுற்றுலாப் பயணிகளின் கட்டணத்திலிருந்து கொடுக்கலாம். மகளின் கையில் ஒரு நோட்டும் வெப்பமானியும் கொடுத்து, புல்லில் எவ்வளவு, சோலைக்குள் எவ்வளவு என்று அவளையே குறிக்கச் சொல்லலாம். நாலைந்து பள்ளிகள் வருஷா வருஷம் குறித்து வைத்தால், பனி விழும் நாட்கள் குறைகிறதா கூடுகிறதா என்று பத்து வருஷத்தில் அந்த நோட்டிலேயே பார்க்கலாம். குளிர் தணிந்தால் சீகைக்கு இன்னும் வசதி என்று அதே 2020 ஆய்வு எச்சரித்திருக்கிறது.

இதற்கு வனத்துறையும் பள்ளிக்கல்வித் துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறக்கிற ஜனவரி முதல் வாரத்தில் பனி அங்கேயேதான் இருக்கும்.