ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி அதிகமா... பதறுவதற்கு முன் இதைப் படியுங்கள்!

காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை. காபி டம்ளரைச் சரியாகப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட் மாலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. அதில் 'சி.ஆர்.பி' என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில். டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் கூகுளில் தேடியே வீட்டில் எல்லோருடைய தூக்கமும் போய்விடுகிறது.

சி.ஆர்.பி என்பது சி-ரியாக்டிவ் புரோட்டீன், கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டறிந்தார்கள். உடலில் எங்காவது அழற்சி ஏற்பட்டால் சில மணி நேரத்திலேயே இது ஏறத் தொடங்கும். சுமார் இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். காரணம் நீங்கிவிட்டால் இறங்குவதும் வேகம்தான், பாதியாகக் குறைய சுமார் 19 மணி நேரம் போதும்.

ஆனால், அழற்சி எங்கே, எதனால் என்பதை இது சொல்லாது. முடக்குவாதத்திலும் ஏறும், பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும். உடல் பருமன்கூடக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். போன வாரம் காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம், அளவு. ஒரு லேப் லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்று போடும். இன்னொரு லேப் டெசிலிட்டருக்கு 1.2 என்று போடும். இரண்டும் ஒன்றுதான்! 'பன்னிரண்டு ஒன்றாகிவிட்டது' என்று சந்தோஷப்பட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

சி.ஆர்.பி நார்மலாக இருப்பதாலேயே நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. முடக்குவாதத்தின் ஆரம்பத்தில் பலருக்கு அது நார்மலாகவே இருக்கும். லூபஸ் நோயில் ஈ.எஸ்.ஆர் எகிறினாலும் சி.ஆர்.பி பெரிதாக ஏறாமல் இருப்பது உண்டு. இந்த இரண்டு நோய்களுமே ஆண்களைவிடப் பெண்களைத்தான் அதிகம் தாக்குகின்றன. 'ரிப்போர்ட் நார்மல்தானே, எல்லாம் மனசுலதான்' என்று வீட்டில் கேட்க நேர்வதும் பெரும்பாலும் அவர்களே. ஆனால், முடக்குவாதத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டி சி.சி.பி என்ற எதிர்ப்புரதம் சிலருக்கு மூட்டு வலி வருவதற்குப் பல வருடங்கள் முன்பே ரத்தத்தில் தென்படும். வலி தொடர்ந்தால் அந்தப் பரிசோதனை தேவையா என்று வாதநோய் நிபுணரிடம் கேட்கலாம். தாமதித்தால் மூட்டு எலும்பு அரிக்கப்படும். அரித்தது திரும்ப வளராது.

இரும்புச்சத்துக்குப் பார்க்கும் ஃபெரிட்டினும் அழற்சியில் ஏறக்கூடிய புரதம்தான். அதனால் உண்மையில் இரும்புச்சத்து குறைந்திருந்தாலும் ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் நார்மலாகத் தெரியலாம். எப்போதும் சோர்வாக இருப்பவர்கள் ஹீமோகுளோபின், சி.ஆர்.பி இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்களோடு, காலை இறுக்கம் எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்பதையும் குறித்து எடுத்துப் போங்கள். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சி.ஆர்.பி குறைந்து காட்டியிருக்கலாம்.