பழைய பென்ஸா, பழைய ஜிப்ஸியா? கூரையைத் திறக்கும் முன் கணக்கைத் திறங்க!

காட்டுமன்னார்கோயிலில் இருந்து லால்பேட்டை பக்கம் போனால் வீராணம் ஏரிக்கரை. மாலை நேரம், கூரையைத் திறந்த வண்டி, முகத்தில் ஏரிக்காற்று. இப்படி ஒரு ரவுண்டு போக யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அந்த ஆசையில் செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களைப் பார்ப்பவர்களை இழுக்கும் வண்டிகள் இரண்டு. ஒன்று, 20 வயதைத் தாண்டிய மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல்.கே. இன்னொன்று, மாருதி ஜிப்ஸி. புதுசாக வந்தபோது இருந்த விலையோடு ஒப்பிட்டால், பழைய பென்ஸின் விலை 'அட, இவ்வளவுதானா?' என்று தோன்றும். உஷாராக வேண்டிய இடமும் அதுதான்.

முதலில் கூரை. 1996-ல் வந்த எஸ்.எல்.கே-வின் அழகே அதன் இரும்புக் கூரைதான். பட்டனை அழுத்தினால் சுமார் 25 விநாடிகளில் மடங்கி டிக்கிக்குள் போய்விடும். இதைச் செய்வது ஹைட்ராலிக் பம்ப், ஆயில் குழாய்கள், சென்சார்கள். வயதானால் இவற்றில் கசிவு வரும். கூரை பாதியில் நின்றால், விவரம் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் பெருநகரத்துக்குத்தான் ஓட வேண்டும். ஜிப்ஸியின் சாஃப்ட் டாப்பைக் கையால் கழற்றலாம். கிழிந்தால் சீட் தைக்கும் கடையிலேயே தைத்துவிடலாம்.

அடுத்தது சாலை. எஸ்.எல்.கே 200 கம்ப்ரஸரின் சக்தி 163 குதிரைத்திறன். ஜிப்ஸி கிங்கின் எம்.பி.எஃப்.ஐ இன்ஜினுக்கு 80 தான். நெடுஞ்சாலையில் பென்ஸுக்குப் பக்கத்தில்கூட ஜிப்ஸி வர முடியாது. ஆனால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் கரை களிமண்ணாகக் குழைந்து கிடக்கும்போது, தரையை ஒட்டி ஓடும் பின்சக்கர டிரைவ் பென்ஸ் என்ன செய்யும்? ஜிப்ஸியில் லீவரை இழுத்து நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைக் கொடுக்கலாம். இன்னொன்றும் உண்டு. எஸ்.எல்.கே-வில் இரண்டே சீட். குழந்தைகள் வீட்டில்தான்!

அதற்காக ஜிப்ஸி சொகுசு வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். பட்டை ஸ்பிரிங் என்பதால் ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்குத் தெரியும். உற்பத்தியும் நின்றுவிட்டது.

பலர் கவனிக்காமல் விடுவது ஆர்.சி புதுப்பிப்புக் கட்டணத்தை. சொந்த வண்டிகளுக்கு 15 ஆண்டுகளுக்குப் பிறகு, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் உயர்த்திய கட்டணப்படி, 20 வயதைத் தாண்டிய சாதாரண காருக்கு 10,000 ரூபாய். இறக்குமதி காருக்கு 80,000 ரூபாய்! எஸ்.எல்.கே இறக்குமதி வண்டி. அதாவது, ஷெட்டிலேயே நின்றாலும் ஆண்டுக்கு 16,000 ரூபாய் கணக்கு. ஜிப்ஸிக்கு 2,000 ரூபாய்தான். பசுமை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி.

வாங்கியே தீருவது என்றால் இதையெல்லாம் பாருங்கள். பென்ஸில் கூரையை மூன்று, நான்கு முறை திறந்து மூடச் சொல்லுங்கள். டிக்கிக்குள் ஈரமோ, ஆயில் கறையோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஜிப்ஸியில் சேஸிஸின் அடியில் துரு இருக்கிறதா, ஃபோர் வீல் லீவர் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி என்றால், ஏலக் காகிதமும் ஆர்.சி-யும் ஒத்துப்போக வேண்டும்.

வீட்டில் தினமும் ஓட இன்னொரு கார் இருந்து, செலவுக்குத் தனியாகப் பணமும் இருந்தால் பென்ஸ் ஓர் அழகான பொழுதுபோக்கு. சேமிப்பு முழுவதையும் போட்டு வாங்கப்போகும் ஒரே வண்டி என்றால், ஜிப்ஸி பக்கம் போவதே நல்லது. ஏரிக்காற்று இரண்டு வண்டியிலும் ஒரே மாதிரிதான் வீசும்!